சுழற்சிப் பொருளாதாரம்: மறுசுழற்சிக்கு இன்னொரு பெயரா?

பொருள்களைப் பயன்படுத்திக் குப்பையில் எறிந்துவிடாமல், முடிந்தவரை நீண்ட நாள் புழக்கத்திலேயே வைத்திருக்கும் பொருளாதார முறைக்கு ஆங்கிலத்தில் சர்குலர் எகானமி என்று பெயர். அதைத் தமிழில் சிலர் 'வட்டப் பொருளாதாரம்' என்கிறார்கள், சிலர் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்கிறார்கள். எனக்கு முதலாவது ஒட்டவில்லை. வட்டம் என்பது வெறும் வடிவம், அதில் ஓட்டமே இல்லை. போதாக்குறைக்கு, வட்டாட்சியர் என்று தினமும் படிக்கிறவருக்கு அது ஏதோ தாலுகா கணக்கு மாதிரித் தோன்றும்.

இந்த ஆங்கிலத் தொடருக்கு மூலமாக டேவிட் பியர்ஸும் கெர்ரி டர்னரும் 1990-ல் எழுதிய பொருளியல் நூலைத்தான் பொதுவாகக் காட்டுவார்கள். கருத்து அதைவிடப் பழையது. பூமியை ஒரு விண்கலமாக நினைத்துப் பாருங்கள், வெளியிலிருந்து எதுவும் வராது, வெளியே கொட்டவும் இடம் கிடையாது என்று பொருளியலாளர் கென்னத் போல்டிங் 1966-லேயே எழுதிவிட்டார். ஆனால் நல்ல சொல் கிடைத்தது ஜெர்மானியர்களுக்குத்தான். 1994-ல் இயற்றிய கழிவுச் சட்டத்தின் பெயரிலேயே 'கிரைஸ்லவுஃப்விர்ட்ஷாஃப்ட்' என்று வைத்தார்கள்; கிரைஸ் என்றால் வட்டம், லவுஃப் என்றால் ஓட்டம், மிச்சம் இருப்பது பொருளாதாரம். உடம்பில் ரத்தம் சுற்றி வருவதற்கும் அவர்கள் 'கிரைஸ்லவுஃப்' என்றுதான் சொல்கிறார்கள். நம் உயிரியல் பாடநூலில் அதற்கு என்ன பெயர்? சுற்றோட்டம்! 'சுற்றோட்டப் பொருளாதாரம்' என்றே வைத்திருக்கலாம், அச்சாகப் பொருந்தியிருக்கும். சரி, 'சுழற்சி' ஏற்கெனவே பரவிவிட்டது, அதையே வைத்துக்கொள்வோம்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. சுழற்சி என்றதும் மனசு நேரே 'மறுசுழற்சி'க்குப் போய்விடுகிறது. உடைத்து, உருக்கி, வேறொன்றாகச் செய்வதுதான் மறுசுழற்சி, அது கடைசிப் படி. அதற்கு முன்னால் ஒரு பொருளை நீண்ட நாள் உழைக்கும்படி செய்வது, பழுது பார்ப்பது, கைமாற்றுவது எல்லாம் இருக்கின்றன, அரசுக் கொள்கைகள் உண்மையில் வேலை செய்ய வேண்டிய இடமும் அதுதான்.

பிரான்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 1 முதல் அங்கே ஸ்மார்ட்போன், மடிக்கணினி, தொலைக்காட்சி போன்றவற்றை விற்கும்போது, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். எளிதாகக் கழற்ற முடிகிறதா, உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை, பழுது பார்ப்பதற்கான விவரக் குறிப்பைத் தருகிறார்களா என்றெல்லாம் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி வைத்தால் கழற்றும் வேலை கூடும், மதிப்பெண் அடிபடும், வாங்குபவர் காசு கொடுப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவார். ஸ்வீடன் 2017-ல் சைக்கிள், செருப்பு, துணி பழுது பார்க்கும் வேலைக்கான வரியை 25 சதவீதத்திலிருந்து 12 ஆக்கியது. இது எதிலும் உருக்கும் உலை வரவே இல்லை, கவனித்தீர்களா?

அப்புறம் இந்தத் துறையில் அடிக்கடி கண்ணில் படுவது 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு'. விற்றதோடு கைகழுவ முடியாது, பயன்பாடு முடிந்த பிறகும் அந்தப் பொருளுக்குத் தயாரித்தவரே பொறுப்பு என்பது அதன் அர்த்தம். ஸ்வீடன்காரர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-ல் முன்வைத்தது. நீட்டியது பொறுப்பையா உற்பத்தியாளரையா என்று குழம்ப வைக்கும் மொழிபெயர்ப்பு. 'உற்பத்தியாளரின் தொடர்பொறுப்பு' என்று நான் எழுதுவேன்.

எழுதும்போது 'சுழற்சிப் பொருளாதாரம்', நடுவில் 'ப்' உண்டு, விட்டுவிடாதீர்கள்.