கல்லில் வந்த அரசாணை: சீனத் தோரணவாயில் நிற்பது எப்படி?

சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில், ஷெ மாவட்டத்துத் தாங்யுவே கிராமப் பாதையில் ஏழு கல் வாயில்கள் வரிசையாக நிற்கின்றன. கதவும் இல்லை, மதிலும் இல்லை. ஒருவரின் நற்பண்பைப் போற்ற எழுப்பும் இந்த நினைவு வாயில்களுக்குப் பைஃபாங் என்று பெயர். மூன்று மிங் அரசமரபின் (1368–1644) காலத்தவை, நான்கு அடுத்து வந்த சிங் அரசமரபின் (1644–1912) காலத்தவை. எல்லாமே பின்னாளில் உப்பு வணிகத்தில் செழித்த பாவ் குலத்தாருடையவை. எந்தக் கோடியிலிருந்து நடந்தாலும் அரச விசுவாசம், பெற்றோரைப் பேணல், கற்பு, கொடை என்ற வரிசைதான் வரும். கொடைக்கான வாயில் நட்டநடுவில் இருக்கிறது.

நான்கு தூண், மூன்று திறப்பு என்பதே பரவலான அமைப்பு. நீளவாக்கில் பார்த்தால் தூணும் உத்தரமும் கழுந்தும் (நுனியில் துருத்தும் முளை) துளையுமாகக் கோத்த சட்டம். அந்தத் திசையில் வலுவுக்குக் குறையில்லை. குறுக்குவாக்கில்தான் சிக்கல். கனம் முழுவதும் ஒரே தளத்தில், சீட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி நிற்கிறது. முன்னோ பின்னோ சாயாமல் தடுப்பவை தூணின் அடியில் இருபுறமும் அணைத்து வைத்த முரசுக்கற்கள். பார்ப்பவர்கள் அவற்றை அலங்காரம் என்றே நினைப்பார்கள். உண்மையில் அவைதான் முட்டு. உத்தரங்களுக்கு இடையே உள்ள பலகைகளில் துளைபோட்டுச் செதுக்குவதற்கும் அழகு மட்டும் காரணமில்லை. காற்று ஊடே போய்விடும், மேல்பாரமும் குறையும்.

கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நீண்ட உத்தரத்தின் நடு அடிப்பகுதியில் இழுப்பு அதிகம். விரிசல் அங்கேதான் தொடங்கும். அதனால் தூணும் உத்தரமும் சேரும் மூலையில் போதிகை போன்ற துண்டுக்கல்லைச் செருகுவார்கள். தாங்கல் இல்லாத நீளம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே, உத்தரத்தை வளைக்கும் திருப்புவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும்.

கெடுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். நடுத்தூண்கள் இரண்டு பக்கத்துப் பாரத்தையும் சுமப்பதால், அடிமண் இளகினால் அவையே கூடுதலாக இறங்கும். பக்க உத்தரம் சரியும், கழுந்தின் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும். அந்த இடைவெளியைக் கெட்டியான சிமெண்டால் அடைத்தால் நிலைமை மோசமாகும்: மூட்டு அசைய வழியில்லாமல் கல்லே உடையும். மர வாயில்களுக்கு எமன் தூணின் அடியில் பிடிக்கும் உளுப்பு. அதனால்தான் தூணின் அடியைக் கற்களால் கவ்வவைத்து, சாய்கால்களும் கொடுப்பார்கள்.

ஷெ நகரிலுள்ள, மிங் காலப் பெரிய அதிகாரி ஷு குவோவின் வாயில் (1584) இந்தச் சாயும் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. எட்டுத் தூண்களை நான்கு பக்கமும் உத்தரங்களால் பிணைத்துப் பெட்டிபோல் ஆக்கிவிட்டார்கள். நீளம் சுமார் 11.5 மீட்டர், அகலம் 6.8 மீட்டர். எந்தப் பக்கம் தள்ளினாலும் மற்றப் பக்கம் பிடித்துக்கொள்ளும். அளவில் பெரியது வேண்டுமென்றால் பெய்ஜிங் அருகே மிங் கல்லறைகளின் வாயில் (1540): ஆறு தூண், ஐந்து திறப்பு, பதினொரு கூரை, அகலம் ஏறத்தாழ 29 மீட்டர்.

இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் எழுப்பிவிட முடியாது. சிங் காலத்தில் ஊரார் சான்று சொல்லி, மாவட்ட அதிகாரி எழுதி, அது படிப்படியாகச் சடங்குகள் அமைச்சகம் வரை போய், பேரரசர் ஒப்புதல் தரவேண்டும். ஒப்புதல் கிடைத்தால் அரசு தருவது 30 தேல் வெள்ளி, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மிச்சச் செலவு குடும்பத்துடையது. ஆகவே வாயிலின் உயரம் அறத்தின் அளவல்ல, பணப்பெட்டியின் அளவு. எந்த வகை ஒப்புதல் என்பதை உச்சியில் உள்ள சிறு பலகை சொல்லும்: ‘அரசாணை’ அல்லது ‘அருள்மேன்மை’ என்று இரண்டே எழுத்து.

தாங்யுவேயின் ஒரு வாயில் பாவ் ஸோங்யானுக்கும் மகன் பாவ் ஷோசுனுக்கும் உரியது. கொள்ளையர் கையில் சிக்கியபோது ‘என்னைக் கொல், அவரை விடு’ என்று இருவரும் போட்டிபோட்டார்களாம்.

கைம்பெண்களுக்கு வந்ததோ கணக்குப் போட்ட விதி. 1368 முதல், 30 வயதுக்கு முன் கணவனை இழந்து, 50 தாண்டும்வரை மறுமணம் செய்யாமல் இருந்தவளே தகுதி பெற்றாள். அவள் வீட்டுக்குக் கட்டாய உழைப்பிலிருந்து விலக்கும் கிடைத்தது. தாங்யுவேயின் பாவ் வென்யுவானின் மனைவி வூ கைம்பெண்ணானது 29-ல் என்கிறார்கள். ஓராண்டு தள்ளியிருந்தால் விதிப்படி 1767-ல் அவளுக்கு எழுந்த வாயிலுக்கு இடமில்லை. அவள் இரண்டாந்தாரம். வாயிலின் மேல் ‘கற்பு’ என்ற எழுத்தின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் நேர்கோட்டில் இல்லாமல் விலகியிருக்கும். முதல் மனைவிக்குச் சமமில்லை என்று காட்டவே அப்படி வெட்டினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. சிற்பியின் கைப்பிசகாகவும் இருக்கலாம்.

கடைசியில் கல்லுக்கும் பணத்துக்கும் தட்டுப்பாடு. 1905-ல் ஷெ நகரில், அது அடங்கிய ஹுய்ஜோ வட்டாரத்தில் கற்புக்காகப் போற்றப்பட்ட பெண்கள் அனைவருக்குமாக ஒரே வாயில் எழுந்தது, அதுவும் செங்கல்லில். அதில் பொறித்திருப்பது அப்பெண்களின் எண்ணிக்கை: 65,078.