இடுப்புக் கத்தியைக் கண்டால் மூளை என்ன செய்கிறது?

செங்குன்றத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் பேக்கிங் பகுதியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். குமரி மாவட்டத்துக்காரர், ஐம்பதை நெருங்கிய வயது. அன்றைக்கே எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி ஆகிவிட்டார். மதியத்துக்குள் அவரைப் பற்றிய பேச்சு கிடங்கு முழுக்கப் பரவியது. காரணம், அவர் இடுப்பில் தோல் உறைக்குள் தொங்கிய கத்தி. மடக்குக் கத்தி அல்ல. அலகும் பிடியும் அசையாமல் ஒன்றாக நிற்கும், நான்கு அங்குலக் கத்தி.

"யாரோடு சண்டைக்குப் போகிறீர்கள், அண்ணாச்சி?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். இன்னொருவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சூப்பர்வைசர் வேலையை விளக்கிய பத்து நிமிடமும் அந்த உறையைப் பார்த்தபடியே பேசினார். மறுநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: கத்தியைக் கழற்றி லாக்கரில் வையுங்கள்.

எங்கள் ஒவ்வொருவர் கையிலும் அப்போது ஒரு கட்டர் இருந்தது. அண்ணாச்சியின் கத்தியைவிட அதன் முனை கூர்மையானது. கிடங்கு வாசலில் இளநீர் விற்றவர் ஒரு முழ நீள அரிவாளை ஓங்கி ஓங்கி வெட்டுவார். நாங்கள் கை எட்டும் தூரத்தில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த அரிவாள் யாரையும் அடுத்த மேசைக்குத் துரத்தவில்லை. அப்படியானால் நான்கு அங்குலக் கத்தியில் மட்டும் என்ன இருந்தது? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. தேடிப் படித்தபோது, பதிலின் பெரும்பகுதி கத்தியில் இல்லை, பார்ப்பவரின் மூளையில் இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் கத்தியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சிக்காக இதை யாரும் அன்று பேசவில்லை. வெட்டு என்பது அழுத்தம், அதாவது விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிந்திருக்கும். தலைமுடியின் தடிமன் அதைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல். அந்த விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் நீளம் அட்டையைத் தொடுகிறது, நாம் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். தொடுமிடத்தில் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. விளிம்பு மழுங்கிப் பத்து மைக்ரான் ஆகிவிட்டால், அதே அழுத்தத்துக்குப் பத்து கிலோ விசை வேண்டும். மழுங்கிய கத்திதான் கையைக் கிழிக்கும் என்று சமையல்காரர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். கூடுதலாகக் கொடுத்த விசை, அட்டை பிளந்த நொடியில் போக்கிடமில்லாமல் நம் தொடையையோ இடது கையையோ நோக்கிப் பாய்கிறது.

மடக்குக் கத்தியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் அலகு ஒரு கீலில் சுழல்கிறது. ஒரு சிறு பூட்டு அதைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கிறது. பேக்கிங் பட்டைக்குள் சிக்கிக்கொண்ட முனையை ஐந்து கிலோ விசையோடு அலகின் முதுகுப் பக்கமாக இழுக்கிறீர்கள். முனை கீலிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளியும், பூட்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால், நெம்புகோல் விதிப்படி பூட்டின் மேல் விழுவது நாற்பது கிலோ. பூட்டு தேய்ந்திருந்தால் அலகு மடங்கி விரலின் மேல் வந்து மூடும். மடங்காத கத்தியில் கீலே இல்லை. அலகின் எஃகு பிடிக்குள் நீண்டு போகிறது. கெட்டுப்போக அங்கே எதுவும் இல்லை. சுவீடனில் தச்சர்களும் மின்பணியாளர்களும் மோரா ஊரின் மரபில் வந்த சிறு கத்தியை இடுப்பில் மாட்டிக்கொண்டு வேலை செய்வது இதனால்தான். அங்கே வேலைக்கான கால்சட்டைகளில் கத்தி உறையைப் பொருத்தவென்றே ஒரு பொத்தான் வைத்துத் தைக்கிறார்கள்.

கட்டரின் கதையும் சுவையானது. 1956இல் ஜப்பானின் யோஷியோ ஒகாடா, சாக்லேட் கட்டியை உடைப்பதுபோல் மழுங்கிய நுனியை உடைத்தெறியும் அலகை உருவாக்கினார். ஒவ்வொரு உடைப்பிலும் புத்தம்புதிய கூர் கிடைக்கிறது. ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் அந்த மெல்லிய தகட்டை யாரும் கத்தியாகவே நினைப்பதில்லை. எழுதுபொருள் கடையில் பேனாவுக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது.

இனி மூளைக்கு வருவோம். கூர்மையான வடிவத்தைக் கண்டு விலகுவது ஓரளவுக்கு நம் பார்வையோடு பிணைந்த குணம். மோஷே பார், மைடல் நேட்டா என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பொருளின் இரு வடிவங்கள்: ஒன்றில் மூலைகள் கூராக, மற்றொன்றில் வளைவாக. நாற்காலி, கைக்கடிகாரம் போன்ற சாதுவான பொருள்கள்தான். ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே படம் தெரியும். மக்கள் வளைவானவற்றையே அதிகம் விரும்பினார்கள். அடுத்த ஆண்டு மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, கூரான வடிவங்களுக்கு அமிக்டலா கூடுதலாகச் செயல்பட்டது தெரிந்தது. வாதுமைக் கொட்டை வடிவிலான இந்தச் சிறு பகுதி, ஆபத்தாக இருக்கலாம் என்று தோன்றும் எதையும் முதலில் குறித்துக்கொள்கிறது. நாற்காலியின் மூலைக்கே இப்படி என்றால், எஃகு முனைக்குக் கேட்கவா வேண்டும்?

ஆனால் இதை வைத்து மட்டும் இளநீர்க்காரரின் அரிவாளை விளக்க முடியாது. அதுவும் கூர்தான். அங்கே ஏன் அமைதி?

இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விளக்கம் குற்றவியல் உளவியலிலிருந்து வந்தது. துப்பாக்கியோ கத்தியோ காட்டி மிரட்டப்பட்டவர்கள், மிரட்டியவரின் முகத்தைச் சரியாக நினைவுகூர முடியாமல் தவிப்பதைக் காவல்துறையினர் நெடுங்காலமாகக் கவனித்து வந்தார்கள். 1987இல் எலிசபெத் லாஃப்டஸும் அவரது குழுவினரும் இதைக் கண்ணசைவுக் கருவியால் அளந்தார்கள். ஓர் உணவகத்தில் ஒருவர் காசாளரிடம் காசோலையை நீட்டும் படங்கள் ஒரு குழுவுக்கு, அதே ஆள் துப்பாக்கியை நீட்டும் படங்கள் மற்றொரு குழுவுக்கு. துப்பாக்கியைப் பார்த்தவர்களின் கண்கள் அதன்மேல் கூடுதல் முறையும் கூடுதல் நேரமும் நின்றன. ஆளைப் பற்றிய நினைவு மங்கியது. இதற்கு ஆயுதக் குவிவு என்று பெயர். எங்கள் சூப்பர்வைசர் பத்து நிமிடமும் உறையையே பார்த்ததற்கும் இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

காரணம் அச்சம்தான் என்று பலரும் எண்ணினார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கெர்ரி பிக்கெல் என்ற உளவியலாளர் அதைப் பிரித்துப் பார்க்க முனைந்தார். 1998இல் அவர் காட்டிய காணொளியில் ஒருவர் முடிதிருத்தகத்துக்குள் வருகிறார். அவர் கையில் ஒரு முறை கத்தரிக்கோல், ஒரு முறை துப்பாக்கி, ஒரு முறை பணப்பை, ஒரு முறை சமைக்காத கோழி! கத்தரிக்கோலால் குத்த முடியும். ஆனால் முடிதிருத்தகத்தில் அது இருக்க வேண்டிய பொருள். கோழி யாரையும் எதுவும் செய்யாது. ஆனால் அங்கே அதற்கு என்ன வேலை? ஆளைப் பற்றிய நினைவைக் கெடுத்தது ஆபத்து அல்ல, பொருத்தமின்மை. அடுத்த ஆண்டு இன்னொரு சோதனை: அதே துப்பாக்கி, ஒன்றில் துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்தில், மற்றொன்றில் பேஸ்பால் மைதானத்தில். ஒன்றில் காவலர் கையில், மற்றொன்றில் பாதிரியார் கையில். இடத்துக்கோ ஆளுக்கோ அது ஒட்டாதபோதுதான் பார்வையாளரின் நினைவு தடுமாறியது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தத் திங்கட்கிழமை முழுதாகப் புரிந்தது. மூளை எந்நேரமும் அடுத்து என்ன வரும் என்று கணித்துக்கொண்டே இருக்கிறது. இளநீர் வண்டி, குலை, அரிவாள் என்பது ஒரே வாக்கியம். அரிவாள் இல்லாவிட்டால்தான் நாம் நின்று பார்ப்போம். அட்டைப்பெட்டி, நாடா, கட்டர் என்பதும் அப்படியே. அந்த வரிசையில் தோல் உறை இல்லை. கணிப்பு பொய்த்த இடத்தில் கவனம் போய் ஒட்டிக்கொள்கிறது. இது எதற்கு என்ற கேள்விக்கு விடை கையில் இல்லாதபோது, மூளை செலவு குறைந்த தவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. கயிற்றைப் பாம்பென்று நினைத்தால் ஒரு துள்ளலோடு போயிற்று. பாம்பைக் கயிறென்று நினைத்தால் உயிரே போகும்.

அண்ணாச்சியின் பக்கமோ நேர் எதிராக இருந்தது. "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று அவர் உண்மையாகவே கேட்டார். அவர் பனையேறிகள் வீட்டுப் பிள்ளை. இளமையில் தளைநார் மாட்டி மரம் ஏறியவர். பாளை சீவும் அரிவாளை வைத்த பெட்டி இடுப்பில் கட்டியபடியே வளர்ந்தவர். மரத்தின் உச்சியில் ஒரு கை மட்டையைப் பற்றியிருக்கும்போது, மற்றொரு கை பார்க்காமலே கருவியை எடுக்கவும் வைக்கவும் வேண்டும். அங்கே மடக்கி விரிக்க மூன்றாவது கை கிடையாது.

இப்படிப் பழகிய கருவி உடலோடு சேர்ந்துவிடுகிறது என்பது வெறும் உவமை அல்ல. 1996இல் ஜப்பானில் அட்சுஷி இரிகியும் அவரது குழுவினரும் குரங்குகளுக்கு ஒரு சிறு வாரியால் தூரத்து உணவை இழுத்துக்கொள்ளப் பழக்கினார்கள். கைக்கு அருகில் ஏதாவது வந்தால் துடிக்கும் நரம்பணுக்கள் மூளையில் உண்டு. வாரியைப் பயன்படுத்திய பிறகு அதே அணுக்கள் வாரியின் முனைக்கு அருகில் வந்தவற்றுக்கும் துடிக்கத் தொடங்கின. மூளையின் வரைபடத்தில் கை நீண்டுவிட்டது.

அண்ணாச்சிக்குக் கத்தி தன் கையின் நீட்சி. அதனால் அது அவர் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. எதிரில் இருப்பவருக்கு, இன்னொரு மனிதனின் கை நான்கு அங்குலம் நீண்டிருக்கிறது, அதுவும் எஃகு முனையோடு. ஒரே பொருள் ஒருவருக்குத் தெரியாமலே போவதும் மற்றவருக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போவதும் ஒரே அறையில் நடக்கிறது. அடுத்த மேசைக்குப் போனவர் கோழையும் இல்லை, அண்ணாச்சி முரடரும் இல்லை. இரண்டு மூளைகளும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

சட்டமும் இதே கேள்வியைத்தான் சுற்றி வருகிறது: இது எதற்கு? இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவை அதில் சேரா. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் 3 அங்குலம் வரையுள்ள, பூட்டில்லாத மடக்குக் கத்தியை விட்டுவிடுகிறது, மடங்காததைப் பொது இடத்தில் தடுக்கிறது. ஆனால் வேலைக்காக வைத்திருப்பவருக்கு அங்கேயும் வழி உண்டு. இவை அரசின் சட்டங்கள். ஒரு நிறுவனம் தன் வளாகத்துக்குள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், பலவும் இருக்கின்றன.

எங்கள் கிடங்கில் உத்தரவு இரண்டு வாரத்தில் தளர்ந்தது. நாடாவை உரசி அறுக்கக் கட்டர் போதும். கடினமான பிளாஸ்டிக் பட்டைகளிலும் சணல் கயிற்றிலும் அதன் அலகு ஒடிந்து தெறித்தது. ஒரு துண்டு ஒருவரின் புருவத்தைக் கீறியதும் சூப்பர்வைசரே அண்ணாச்சியைக் கூப்பிட்டார். திரும்பி வந்த கத்தி இம்முறை தனியாக வரவில்லை. நாடா உருளை, அளவுநாடா, மார்க்கர் பேனா எல்லாம் மாட்டிய அகலமான கருவிப் பட்டையில் அவற்றோடு ஒன்றாகத் தொங்கியது. உறையிலிருந்து எடுக்கும் முன் "கத்தி எடுக்கிறேன்" என்று அண்ணாச்சி குரல் கொடுப்பார். வெட்டியதும் பேச்சுக்குக்கூடக் கையில் வைத்திருக்காமல் உறைக்குள் போட்டுவிடுவார். யாராவது கேட்டால் அலகைத் தன் பக்கம் திருப்பி, பிடியை நீட்டுவார்.

அவர் இதை எந்த ஆய்வையும் படித்துச் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் மூளையின் கேள்விக்கு நேரான விடை. அளவுநாடாவின் பக்கத்தில் தொங்கும்போது கத்தி கருவிகளின் வாக்கியத்தில் ஒரு சொல் ஆகிறது. முன்கூட்டிக் குரல் கொடுத்தால் திடுக்கிடல் குறைகிறது. எதிர்பாராத அசைவுதான் அந்த அனிச்சையைக் கிளப்பும், கண் இமைப்பது நொடிப்பொழுதுக்குள் தொடங்கிவிடும், யோசிக்க அங்கே நேரமே கிடையாது. முனை திரும்பியிருக்கும் திசை, அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்பதைச் சொல்லிவிடுகிறது.

மிச்சத்தைப் பழக்கம் பார்த்துக்கொண்டது. தீங்கு எதுவும் தொடராத ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால், நரம்பு மண்டலம் அதற்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது. கடல் முயல் என்ற எளிய உயிரியில், நரம்பணுக்களின் சந்திப்பில் வேதிப்பொருள் சுரப்பு குறைவதால் இது நடக்கிறது என்று எரிக் கேண்டலின் ஆய்வுகள் காட்டின. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் மூளை பன்மடங்கு சிக்கலானது என்றாலும், இந்த அடிப்படைக் குணம் நமக்கும் உண்டு.

கிடங்கிலிருந்து ஒரு விடுமுறை நாளில் அண்ணாச்சியை அத்திரம்பாக்கத்துக்கு அழைத்துப் போனேன். அதே திருவள்ளூர் மாவட்டம்தான். அங்கே மண்ணுக்குள் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று சாந்தி பப்புவின் குழுவினர் 2011இல் கணித்தார்கள். கையில் அடங்கும் கல், ஒரு பக்கம் விளிம்பு, கீல் கிடையாது. அதன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பிடிக்க நன்றாக இருக்கும்" என்றார்.

ஆறாவது வாரத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் ஏதோ ரசீதுக்காக முதல் முறையாக எங்கள் பகுதிக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பார்வை அண்ணாச்சியின் இடுப்பில். பக்கத்தில் பட்டை பிரித்துக்கொண்டிருந்தவர், அன்று தட்டோடு அடுத்த மேசைக்குப் போன அதே ஆள், "என்ன அக்கா, ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் எதைப் பார்த்து நின்றார் என்பது எங்களில் ஒருவருக்கும் உடனே புரியவில்லை.