பீடிங் எழும்பினால் என்ன ஆகும்?

ஐப்பசி அடைமழையில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் முன்கண்ணாடியின் மேல் மூலையில் படபடவென்று சத்தம். நிறுத்திப் பார்த்தால், கண்ணாடியைச் சுற்றிய கறுப்பு ரப்பர் பீடிங் சுண்டுவிரல் நீளத்துக்கு எழும்பி நின்றது. இடப்பக்கக் கால்மிதியும் நனைந்திருந்தது. கண்ணாடியே கழன்றுவிடுமோ என்று பயந்தேன்.

அந்தப் பயம் அம்பாசடர் காலத்துக்குப் பொருந்தும். அதில் கண்ணாடியைப் பள்ளத்தில் கவ்விப் பிடித்திருந்ததே ரப்பர்தான். இன்றைய பெரும்பாலான கார்களில் கண்ணாடியை உடலோடு ஒட்டியிருப்பது பாலியூரித்தேன் பசை. பீடிங் இடைவெளியை மூடும் ஓர ஒப்பனை மட்டுமே. கண்ணாடியின் ஓரத்திலேயே பூசியிருக்கும் கறுப்புப் பட்டை வேறு, அது வெறும் அழகுக்கு அல்ல. வெயிலின் புறஊதாக் கதிர் அந்தப் பசையை அரிக்காமல் காப்பது அதுதான். பீடிங்குக்கு அப்படி ஒரு காப்பு கிடையாது. புறஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமையாக விழும் மலையில் அது சுருங்கி விறைத்துப்போகிறது.

ஓடும் காரின் கூரை விளிம்பில் காற்று விரைந்து திரும்புவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. விறைத்த பீடிங்கை அது மேல்நோக்கி இழுக்கிறது, படபடப்பு அதனால்தான். நீர் நுழைவது வேறு வழி. நன்றாக நனையும் அரை மில்லிமீட்டர் இடுக்கில் நீர் தானாகவே ஏறக்குறைய 3 செ.மீ. ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே நுண்புழை விசையால்தான். பசையில் எங்காவது விரிசல் இருந்தால், பீடிங்குக்கு அடியில் தேங்கும் இந்த நீர் அதைத் தேடிப் போய்விடும். நுழைந்த நீர் தகட்டின் உட்புறமாக ஓடி எங்கோ சொட்டும். அதனால் நனைந்த இடத்தை நம்பாதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க, வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்து ஊதுவிசிறியை முழு வேகத்தில் போட்டுக் கதவு, ஜன்னல்களை மூடுங்கள். வெளியே கண்ணாடி ஓரமெங்கும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

தயவுசெய்து குளியலறை சிலிக்கானைப் பிதுக்கி அடைக்காதீர்கள். வினிகர் வாசனை வீசும் வகை வெளிவிடும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். சிலிக்கான் படிந்த இடத்தில் பிறகு பாலியூரித்தேன் சரியாக ஒட்டாது. விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதில் கண்ணாடிக்குப் பங்குண்டு. பல கார்களில் முன்பயணியின் காற்றுப்பை விரியும்போது சாய்ந்து நிற்பதும் அதன்மேல்தான். பசை வீணானால் இவை எல்லாம் வீண். புதுப் பசை காற்றின் ஈரத்தால் இறுகும். குளிரில் மெதுவாகத்தான் இறுகும். உறைபனி இறங்கும் ஊட்டி மார்கழியில் ஒட்டினால், காரை எப்போது எடுக்கலாம் என்று கேட்டுவிட்டே சாவியை வாங்குங்கள்.

என் காரில் சோப்புக் குமிழி ஒன்றுகூட வரவில்லை. வைப்பருக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினால் சில்வர் ஓக் இலைகள் கைப்பிடி கைப்பிடியாக வந்தன. வடிகால் அடைத்து, நீர் நிரம்பி, காற்று நுழையும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. இலைகளை அள்ளிப்போட்ட பிறகு கால்மிதி நனையவில்லை. புது பீடிங் அடுத்த வாரம்தான் போட்டேன்.