பேஸ்மேக்கர் பற்றறி எப்பிடி பத்து வருசம் நிக்குது?

கொக்குவிலிலை இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைச்சிருக்கு, பத்து வருசம் மட்டிலை பற்றறி நிக்கும் எண்டு டொக்டர் சொன்னவராம். "என்ரை போன் பின்னேரத்துக்கு முதலே செத்துப்போகுது அண்ணை, அது மட்டும் எப்பிடி?" எண்டு கேக்கிறார். அது நல்ல பற்றறி, இது கூடாத பற்றறி எண்டு சொல்லித் தப்ப ஏலாது, ஏனெண்டால் பற்றறியிலை பெரிசு போனின்ரை தான்.

கணக்கைப் பாருங்கோ. பேஸ்மேக்கருக்கை வழமையா இருக்கிற லித்தியம் அயடீன் பற்றறி சுமாரா 1 அம்பியர் மணி, 2.8 வோல்ற். இப்பத்தைய போனுகள்ளை 5 அம்பியர் மணி இருக்கு. பத்து வருசம் எண்டால் 87,600 மணித்தியாலம், 1 அம்பியர் மணியை அதாலை பிரிச்சால் சராசரியா 11 மைக்ரோ அம்பியர் வரும். இதயத்தைத் தட்டி எழுப்புறது, இதயம் தானா அடிக்குதோ எண்டு கவனிக்கிறது, கணக்குப் பாத்து முடிவெடுக்கிறது, எல்லாத்துக்கும் சேத்து கிட்டத்தட்ட 30 மைக்ரோ வாற் தான் கூலி. இதுக்கை எப்பிடிச் சீவிக்கிறது எண்டதிலை எனக்குப் பிடிச்ச பகுதி அந்தக் "கவனிக்கிற" வேலை.

பேஸ்மேக்கர் கண்ணை மூடிக்கொண்டு அடிச்சுக்கொண்டே இருக்கிற சாமான் இல்லை. இதயம் தானா அடிச்சால் பேசாமல் இருக்கும், அடிக்காட்டித் தான் தட்டும். அதுக்கு இதயத்திலை இருந்து வாற ஒரு சில மில்லி வோல்ற் சிக்னலை விடாமல் பாத்துக்கொண்டு இருக்கோணும். சிக்னல் ஏறி இறங்கிற ஒரு கோடு, டிஜிற்றல் சிப்புக்கு விளங்கிறது இலக்கம். கோட்டை இலக்கமா மாத்திற துண்டுக்குப் பேர் ஏ.டி.சி. செக்கனுக்கு ஆயிரம் தரம் மாத்துது எண்டு வைச்சால் பத்து வருசத்திலை முப்பத்தோராயிரம் கோடி தரத்துக்கு மேலை, அதாலை ஒரு தரத்துக்குப் போற சக்தியிலை ஒரு துளி மிச்சம் பிடிச்சாலும் அது காசு.

சரி, அது எப்பிடி மாத்துது? திருநெல்வேலி சந்தையிலை தட்டுத்தராசு வைச்சு வெங்காயம் நிறுக்கிற ஆளை நினையுங்கோ, ஆனால் அவரிட்டை இருக்கிற படிக்கல்லுகள் 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1 கிராம் எண்டு பாதி பாதியாக் குறையுது. பத்துக் கல்லு தான், ஆனால் 0 இலை இருந்து 1023 வரைக்கும் எந்த நிறையையும் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் 601 கிராம் வெங்காயம் இருக்கு, அவருக்கு அது தெரியாது. 512 ஐ வைக்கிறார், வெங்காயப்பக்கம் இன்னும் தாழ, கல்லு இருக்கட்டும். 256 ஐ வைக்கிறார், கூடிப்போச்சு, எடுக்கிறார். 128, கூடிப்போச்சு, எடுக்கிறார். 64 இருக்கட்டும். 32 எடு. 16 இருக்கட்டும், 8 இருக்கட்டும், 4 எடு, 2 எடு, 1 இருக்கட்டும். கூட்டிப்பாருங்கோ, 512, 64, 16, 8, 1. சரியா 601. பத்துக் கேள்வியிலை ஆயிரத்து இருபத்துநாலு விடையிலை ஒண்டு பிடிபட்டிட்டுது, பள்ளிக்கூடத்திலை படிச்ச துவித எண் தான் இது.

சிப்புக்கை படிக்கல்லுக்குப் பதிலா மின்னேற்றத்தைச் சேத்து வைக்கிற கொள்ளளவிகள் இருக்கு, ஏ.எல் பௌதிகவியல்ல அதிலை இருக்கிற சக்தி அரை சிவி வர்க்கம் (சி கொள்ளளவு, வி வோல்றேஜ்) எண்டு பாடமாக்கினமே அதே கொள்ளளவி தான். தராசு முள்ளு மாதிரி எந்தப்பக்கம் கூட எண்டு மட்டும் சொல்லுறதுக்கு ஒரு கொம்பரேற்றர். 1975 இலை அமெரிக்காவிலை பெர்க்லிப் பல்கலைக்கழகத்திலை மெக்ரீரியும் கிரேயும் சேந்து மின்னேற்றத்தை கொள்ளளவிகளுக்கிடையிலை மறுபடி பங்கிட்டு இந்த வேலையைச் செய்யலாம் எண்டு காட்டினவை, இண்டைக்கும் குறைஞ்ச சக்தியிலை ஓடுற ஏ.டி.சி எண்டால் முதல் நினைவுக்கு வாறது இந்த வகை தான்.

சக்தி எங்கை போகுது எண்டு பாத்தால், கல்லை வைக்கிறதும் எடுக்கிறதும் தான். ஒவ்வொரு தரமும் கொள்ளளவியை ஏத்தேக்கை பற்றறியிலை இருந்து சிவி வர்க்கம் போகுது, அதிலை பாதி ஆளியிலை சூடாப் போயிரும், மிச்சப்பாதி இறக்கேக்கை போயிரும். (அதாலை தான் வோல்றேஜை 1 இலை இருந்து 0.5 க்குக் குறைச்சால் சக்தி நாலிலை ஒண்டாகுது, இந்தத்துறைக்காரர் எல்லாரும் வோல்றேஜைக் குறைக்க அடிபடுறது உதுக்குத்தான்.) மேலை சொன்ன உதாரணத்திலை 256, 128, 32, 4, 2 எண்டு ஐஞ்சு கல்லு வைச்சு எடுத்தது, ஐஞ்சும் வீண்கூலி.

இப்ப விசயத்துக்கு வாறன். இதயம் நிமிசத்துக்கு 72 தரம் அடிக்குது எண்டால் ஒரு அடிக்கு 0.83 செக்கன், அதுக்குள்ள ஈசிஜியிலை அந்தக் கூரான முள்ளு நிக்கிறது 0.1 செக்கன் மட்டும். மிச்ச நேரம் கோடு கிட்டத்தட்டத் தட்டையா, இல்லாட்டி ஆறுதலா ஏறி இறங்கிக்கொண்டு கிடக்கும். செக்கனுக்கு ஆயிரம் தரம் நிறுத்தால் முந்தின நிறைக்கும் இப்பத்தைய நிறைக்கும் அனேகமா ஒண்டு ரெண்டு கிராம் தான் வித்தியாசம். அப்பிடியிருக்க எல்லாக் கல்லையும் இறக்கிப்போட்டு திரும்ப 512 இலை இருந்து தொடங்கிறது விசர் வேலை தானே!

2014 இலை அமெரிக்காவிலை எம்.ஐ.ரியிலை ஃபிராங்க் யாவுலும் அனந்த சந்திரகாசனும் (ரெண்டாமவர் சென்னையிலை பிறந்தவர்) இதைத் திருப்பிப் போட்டவை. போன முறை நிறுத்த கல்லை எடுக்காமல் அப்பிடியே விடு, முதல்லை "இதைவிடக் கூடவோ குறைவோ" எண்டு மட்டும் கேள், பிறகு ஆகச் சின்னக் கல்லிலை இருந்து தொடங்கி மற்றப் பக்கம் சாயுமட்டும் மாத்து, சாஞ்ச உடனை நிண்டு சரிபார். போன முறை 600, இந்த முறை 601 எண்டால் பெரிய கல்லு ஒண்டும் அசையாது, ரெண்டு மூண்டு கேள்வியோடை கதை முடிஞ்சுது. ஒரு பத்து பிற் (பத்துக் கல்லு எண்டு வையுங்கோ) சிப்பிலை வழமையா எப்பவும் பத்துக் கேள்வி, இதிலை ஆகக்குறைஞ்சது ரெண்டு, ஆகக்கூடினது இருபத்தொண்டு. ஓம், முள்ளு வாற நேரம் பழைய முறையை விடக் கூடச் செலவாகும், அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் முள்ளு கொஞ்ச நேரம், தட்டை கனநேரம். இதயம் எவ்வளவு துடிக்குதோ அவ்வளவு தான் சிப்பும் துடிக்குது எண்டதை முதல் முதல் வாசிச்சு விளங்கினண்டைக்கு எனக்கு இரவு நித்திரை வரேல்லை, அவ்வளவு சந்தோசம். பாட்டுக்கு, சத்தத்துக்கு எல்லாம் இது சரிவராது, உடம்பு ஆறுதலான சாமான் எண்டபடியாத் தான் வேலை செய்யுது.

இன்னொரு வில்லங்கம் இருக்கு. நிறுத்து முடிச்சு அடுத்த முறை வருமட்டும் சும்மா நிக்கிற நேரத்திலையும் சிப்புக்கை ஆளியா வேலை செய்யிற திரான்சிற்றர் முழுசா மூடாது, கரண்ட் மெல்லமாக் கசியும். வேகமான ஏ.டி.சியிலை இதை ஒருத்தரும் கணக்கெடுக்காயினம், செக்கனுக்கு ஆயிரம் தரம் எண்ட ஆமை வேகத்திலை வேலைக்குப் போறதை விட கசிவுக்குப் போறது கூடிப்போயிரும். அதாலை நீளமான, லேசிலை திறவாத திரான்சிற்றரைப் போட்டு அடைப்பினம். உடம்புக்கை வைக்கிற கருவிகளுக்கெண்டு 2012 இலை சுவீடன் ஆக்கள் செய்த ஒரு ஏ.டி.சி செக்கனுக்கு ஆயிரம் தரம் மாத்த 53 நனோ வாற் மட்டும் எடுத்தது, எங்கட 30 மைக்ரோ வாற்றிலை ஐந்நூறிலை ஒரு பங்கு கூட இல்லை.

இதுக்கு என்ன பெரிய தொழிற்சாலை வேணும் எண்டு கேக்கிறவைக்கு ஒரு சொல்லு. கல்லை எந்த ஒழுங்கிலை வைக்கிறது எண்ட யோசினைக்குத் தொழிற்சாலை தேவையில்லை, ஒரு வெண்பலகை காணும். சிப்பைச் செய்யிறதுக்கும் கனபேற்ற டிசைனை ஒரே சிலிக்கன் தட்டிலை போட்டுச் செலவைப் பங்கிடுற வழி 1981 இலை இருந்தே அமெரிக்காவிலை நடக்குது. கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்திலை படிக்கிற பிள்ளையளுக்கு வருசத்துக்கு ஒருக்கா அப்பிடி ஒரு தட்டிலை இடம் வாங்கிக் குடுக்கலாம். நாடு ஆராய்ச்சிக்குப் போடுறது மொத்த உற்பத்தியிலை 0.1 வீதத்தை ஒட்டித் தான், அதுக்கை திறப்புவிழாவும் பொன்னாடையும் வேறை.

தம்பி கடைசியா இன்னொண்டும் கேட்டவர், அப்பாவுக்கு ஆரோ காந்தக் காப்பு வாங்கிக் குடுத்திருக்கினமாம், பிரசருக்கு நல்லதாம். காப்பாலை பிரசர் குறையாது. கோயில் நூல் கட்டினால் பிரச்சினை இல்லை, விரும்பினால் கட்டட்டும், காந்தம் அப்பிடி இல்லை. 10 காவுஸ் அளவு காந்தப்புலம் பட்டாலே பெரும்பாலான பேஸ்மேக்கர் "காந்த நிலை"க்கு மாறி, இவ்வளவு பாடுபட்டு அளந்த சிக்னலைக் கவனிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு, ஒரே வேகத்திலை தன்பாட்டுக்கு அடிக்கத் தொடங்கும். டொக்டர்மார் சோதிக்கிறதுக்கெண்டே வைச்ச ஏற்பாடு அது. காப்புப் போட்ட கையை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு படுத்தால் என்ன நடக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ. காப்பைக் கழட்டச் சொல்லுங்கோ, போனையும் சேட்டு பொக்கற்றிலை வைக்காமல் பேஸ்மேக்கர் இருக்கிற இடத்திலை இருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கச் சொல்லுங்கோ. அடுத்த கிளினிக்குக்குப் போகேக்கை பற்றறி எவ்வளவு மிச்சம் எண்டும் கேளுங்கோ, வெளியிலை இருந்தே பாத்துச் சொல்லுவினம்.