மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

"தம்பி, மேலெல்லாம் வலி, காய்ச்சலும் இருக்கு. ரெண்டு வேளைக்கு மாத்திரை போட்டுக் குடுப்பா."

மேலூர்ப் பக்கம் மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு மழைக்காலம் வந்தால் இந்தப் பேச்சுதான் அதிகம் காதில் விழும். டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற கவலை அதற்குள் இருக்கிறது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சில கடைகளில் இதற்குக் கிடைப்பது நாலைந்து உதிரி மாத்திரைகளை மடித்த காகிதப் பொட்டலம். எதற்கும் பெயர் கிடையாது.

பாராசிட்டமால், வலி மாத்திரை, சளிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. சில பொட்டலங்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்துவிடும். உடம்பு சட்டென்று லேசாகும், "அந்தக் கடை மாத்திரைதான் கேக்குது" என்று பேரும் வந்துவிடும். சர்க்கரைக்காரர்களுக்கு அதுவே சர்க்கரையை ஏற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வலி மாத்திரை ஆகாது. காய்ச்சல் விடாமல் டாக்டரிடம் போனால், "வெள்ளையில ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு" என்பதைத் தவிர பொட்டலம் வாங்கியவர்களால் என்ன சொல்ல முடியும்?

பெயர் தெரிந்திருந்தால் தப்பிக்கலாம் என்பதற்கு ஒரு ஆத்தாவைச் சொல்கிறேன். "கால் வீங்குதுப்பா, நீர் பிரியிற மாத்திரை குடு" என்று வந்தார். பையில் இருப்பதையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னேன். மதுரை பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் வாங்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரை அம்லோடிபின். நடுவில் தலைசுற்றலுக்குப் பார்த்த தனியார் டாக்டர் எழுதியதும் அம்லோடிபின்தான், கம்பெனிப் பெயர்தான் வேறு. பெரியாஸ்பத்திரி நோட்டை அந்த டாக்டரிடம் காட்டவில்லையாம். "அது வேற, இது வேற. அட்டையைப் பாரு" என்று என்னிடமே வாதாடினார். காலில் வீக்கம் வருவது அம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவு, அளவு கூடினால் இன்னும் அதிகம். நீர் மாத்திரை கொடுக்கவில்லை. இரண்டு அட்டையையும் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன். ஒன்றை நிறுத்தினார், வீக்கமும் வடிந்தது.

2025 பிப்ரவரியில் தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்கள் திறந்தபிறகு விலை குறைவாகக் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் அங்கே வாங்கியதோடு வீட்டில் பழைய கம்பெனி மாத்திரையும் மிச்சம் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். கம்பெனிப் பெயருக்குப் பக்கத்திலேயே மருந்தின் பெயர் அச்சாகியிருக்கும், அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாராசிட்டமாலிலும் இதே கதைதான்: காய்ச்சல் மாத்திரையில் இருக்கும், பல வலி மாத்திரைகளிலும் கலந்திருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும்.

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள். சில ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால், நோயாளி பெயரோடு பதிவேட்டில் எழுதி 3 வருடம் நாங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சீட்டு கேட்கிற கடைக்காரர் உங்களை அலைக்கழிக்கவில்லை.

நாலு மாத்திரைதான் வேண்டுமா? சரி, பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழு அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.