மூல்: வேரா, பாரமா?

கல்முனையில் உயர்தர இரசாயன வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், மூலகத்தைச் சுருக்கித்தானே மூல் எண்டு எழுதுறது?" நல்ல கேள்வி. மூல் என்பது அணு, மூலக்கூறு போன்ற துணிக்கைகளின் அளவைச் சொல்லும் அலகு. மூலகம், மூலக்கூறு, மூல் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மூலகமும் மூலக்கூறும் 'மூலம்' வழி வந்தவை. மூலம் என்றால் வேர், அடி. மூல் அந்தக் குடும்பம் இல்லை. இலத்தீனில் 'மோலெஸ்' என்றால் பாரம், பெருந்திரள். அதிலிருந்து 'சிறு திரள்' என்ற பொருளில் மொலிக்கியூல், அதாவது மூலக்கூறுக்கான ஆங்கிலச் சொல், பிறந்தது. 1890களில் இரசாயனவியலாளர் வில்ஹெல்ம் ஒஸ்வால்ட் அதன் ஜேர்மன் வடிவத்தைக் குறுக்கி 'மோல்' ஆக்கினார்; அதுதான் எங்கள் மூல். வியப்பு என்னவென்றால், அணுக்கள் உண்மையில் இருக்கின்றன என்பதையே அவர் அப்போது ஏற்கவில்லை! அவருக்கு மோல் என்பது கிராமில் நிறுக்கும் ஒரு திணிவு. 1909 அளவில்தான் மனம் மாறினார். இன்றோ அது ஓர் எண்ணிக்கை: ஒரு மூலில் 6.02214076 × 10²³ துணிக்கைகள். 2019இல் இந்த எண்ணே வரையறையாகிவிட்டது.

பாரத்திலிருந்து எண்ணிக்கைக்கு எப்படிப் போவது? அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலையில் யாரும் மணியை எண்ணுவதில்லை, நிறுக்கிறார்கள். ஒரு கிலோ கீரிச்சம்பாவையும் ஒரு கிலோ நாட்டரிசியையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பாருங்கள். பாரம் ஒன்றுதான், கீரிச்சம்பா மணி சிறிது, அதனால் எண்ணிக்கை கூட. ஒரு மணியின் பாரம் தெரிந்தால் தராசே எண்ணித் தந்துவிடும்.

மூலகங்களும் அப்படித்தான். ஒரு கையில் 54 கிராம் அலுமினியம், மறு கையில் 56 கிராம் இரும்பு. பாரத்தில் வித்தியாசமே தெரியாது. சார் அணுத்திணிவு, அதாவது ஓர் அணு மற்றதோடு ஒப்பிட எவ்வளவு பாரம் என்று சொல்லும் எண், அலுமினியத்துக்கு 27, இரும்புக்கு 56. அந்த எண்ணைக் கிராமில் எடுத்தால் அதுவே ஒரு மூல். அப்போ அலுமினியம் 2 மூல், இரும்பு 1 மூல்; அலுமினியத்தில் அணுக்கள் இரண்டு மடங்கு. 10²³ஐத் தொடவே வேண்டியதில்லை. பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இங்கேதான்: இரும்பு பாரம் கூட, ஆகவே அணுவும் கூட என்று எழுதிவிடுகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மோல், எங்களுடையவற்றில் மூல். மீற்றர், கிராம் போல இது அலகின் பெயர். மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. அது அளக்கும் கணியத்துக்குத் தமிழில் பெயர் இருக்கிறது: பதார்த்தத்தின் அளவு. 'மூல் எண்ணிக்கை 2' என்பதைவிட, 'அலுமினியத்தின் அளவு 2 மூல்' என்று எழுதினால் கணியமும் அலகும் தத்தம் இடத்தில் நிற்கும்.