ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓடப் போகிறீர்களா? கண் கோட்டையில், கால் எங்கே?

மைசூரில் ஃபிசியோதெரபி செய்கிறேன். திங்கட்கிழமை காலையில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஓடியவர்கள்தான். அவர்களில் ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து, "ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருந்தேன் டாக்டர்" என்றால், எந்தக் கால் என்று கேட்பதற்கு முன்பே எனக்குள் அந்த ஊரின் வரைபடம் விரிந்துவிடும்.

போன வருடம் ஒருவர் வந்தார். பெங்களூரில் ஐ.டி. வேலை, வயது நாற்பதுக்குள், இரண்டு மாரத்தான் முடித்தவர். திப்பு சுல்தானின் உடல் கிடைத்த இடத்தைக் குறிக்கும் கல்லருகே, ஓடிக்கொண்டே செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்திருக்கிறார். இடது கால் மடங்கிவிட்டது. கணுக்கால் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. ஐஸ் வைத்தபடி பேச்சுக்குக் கேட்டேன்: "அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது?" படிக்கவில்லையாம். கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, நின்றால் பேஸ், அதாவது ஓட்ட வேகம், போய்விடும் என்றார்.

அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேகத்துக்காக ஓடுவது ஒன்று, ஊர் பார்க்க ஓடுவது வேறொன்று. ஒரே காலையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் என்னிடம் வந்து படுக்கிறார்கள்.

ஓட்டக்காரர்களுக்கு இந்த ஊர் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பது எனக்கும் புரிகிறது. காவிரி இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு போகிறது. மேற்கு முனையில் கோட்டையும் ரங்கநாதர் கோயிலும், கிழக்கு முனையில் இரண்டு கிளைகளும் மறுபடி சேரும் சங்கமமும் இருக்கின்றன. காவிரித் தீவுகளில் பள்ளிகொண்ட மூன்று அரங்கங்களில் இது ஆதிரங்கம். மூன்றாவது நம் திருச்சிக்குப் பக்கத்து ஸ்ரீரங்கம். மைசூரிலிருந்து 15 கிலோமீட்டர்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருப்பதால் விடியற்காலை நன்றாகக் குளிரும். அந்தக் குளிர் ஏமாற்றும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

பலரும் முதலில் ஓடுவது கோட்டைக்குள் ஒரு சுற்று. கோயில் முன்னிருந்து கிளம்பி, நீர்வாயில், திப்பு விழுந்த இடம், கர்னல் பெய்லி சிறை, அப்புறம் மேற்குப் பக்கம் 1799 போரில் பிரிட்டிஷ் படை மதிலை உடைத்த இடத்தில் 1907-இல் மைசூர் அரசு எழுப்பிய நினைவுத்தூண். தூரம் குறைவுதான், ஆனால் தரை நூறு மீட்டருக்கு ஒரு தடவை மாறும். தார், சிமெண்ட், புழுதி, பழைய கருங்கல் பாவு, திடீரென்று இறங்கும் படி. மழைக்காலத்தில் கல்லின் மேல் பாசி வேறு. தரை மாறும்போது பாதம் அதற்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்குக் கண் இரண்டு மூன்று அடி முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். மதிலை அண்ணாந்து பார்க்கிற அந்த ஒரு நொடியில்தான் பாதம் உள்பக்கம் மடங்கி, வெளிப்பக்க லிகமெண்ட், எலும்புகளைக் கட்டிவைக்கும் நார், இழுபடுகிறது. அடியில் கனமான மெத்தை வைத்த புதுரக ஷூ தார்ச்சாலைக்குச் சுகம். மேடுபள்ளமான கல்லில் அதுவே காலை ஆட்டிவிடும். கோட்டைக்குள் நான் சொல்வது ஒன்றே ஒன்று. நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் நில்லுங்கள், படியுங்கள், படம் எடுங்கள். கடிகாரத்தை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது கிழக்கே போகும் சாலை. தரியா தௌலத், திப்புவின் சமாதியான கும்பஸ், சங்கமம், திரும்பி வந்தால் எட்டு ஒன்பது கிலோமீட்டர். தரியா தௌலத் 1784-இல் திப்பு கட்டிய கோடைமாளிகை. அதன் மேற்குச் சுவரில், 1780-இல் ஹைதர் அலியும் திப்புவும் பிரிட்டிஷ் படையை வென்ற புள்ளலூர்ப் போர் ஓவியமாக இருக்கிறது. புள்ளலூர் நம் காஞ்சிபுரம் பக்கம். அங்கே தோற்ற பிரிட்டிஷ் தளபதி பெய்லிதான் இங்கே சிறையிருந்து 1782-இல் இறந்தார். அந்தச் சுவரை விடியற்காலையில் பார்க்க முடியாது, வாயில் திறக்க நேரமாகும். அதனால் ஓடுகிறவர்கள் மதிலை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பாவம்.

இந்தச் சாலையில் வருவது கெண்டைக்கால் பிரச்சினை. பெங்களூரிலிருந்து காரில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து வந்து, இறங்கியவுடனே ஓட்டம். கும்பஸ் பக்கம் கால்மணிநேரம் நின்று அரட்டை, படம். உடம்பு ஆறிவிடும். "சரி, சங்கமம் வரைக்கும் யார் முதலில்?" என்று ஒருவர் கிளப்பிவிடுவார். பத்தாவது அடியில், யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்ததுபோல் கெண்டைக்காலில் ஒரு வெட்டு. இந்த 'கல்லால் அடித்ததுபோல்' என்ற வார்த்தையை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். தசை கிழிந்திருக்கிறது என்பதற்கு அதுவே கிட்டத்தட்ட போதும். நாற்பதைத் தாண்டியவர்கள் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது முதல் ஐந்து நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாகப் போங்கள். இன்னொன்று: அடிபட்ட நினைவே இல்லாமல், நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் என்னிடம் வராதீர்கள், மசாஜும் வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்கட்டி இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவேண்டும்.

இப்போது வெயில். 1799 மே 4-ஆம் தேதி, மதியம் ஒரு மணி வாக்கில்தான் பிரிட்டிஷ் படை கோட்டையைத் தாக்கியது. ஏன் மே? ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடக்கும். பருவமழை வந்து காவிரி பெருகிவிட்டால் ஒருவரும் கடக்க முடியாது. ஏன் மதியம்? அந்த வெயிலில் காவலர்கள் ஓய்ந்திருப்பார்கள் என்ற கணக்கு. தாக்குதலை நடத்திய டேவிட் பெயர்டு, புள்ளலூரில் பிடிபட்டு இதே ஊரில் மூன்றரை வருடத்துக்கு மேல் சிறையிருந்தவர். மேவெயிலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறையும் பள்ளமுமான ஆற்றுப்படுகையைத் தாண்டி, உடைந்த மதிலில் சில நிமிடங்களில் ஏறிவிட்டார்கள். அன்று இருட்டுவதற்குள் கோட்டை விழுந்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. போர் நடந்த தேதியிலேயே ஓடவேண்டும் என்று மே மாதம் வருகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மணிக்குக் குளிராக இருக்கும், தண்ணீர் பாட்டிலை காரிலேயே வைத்துவிடுவார்கள். எட்டரைக்கு வெயில் சுள்ளென்று இறங்கும்போது அவர்கள் சங்கமத்தில் இருப்பார்கள், கார் கோட்டையில் இருக்கும். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஏ.சி. அறையிலிருந்து நேராக வந்தவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் நிழலுக்குப் போய் ஓட்டத்தை அன்றோடு முடித்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர் உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அது வெறும் சோர்வு இல்லை. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வண்டி தேடி ஓடுவதற்கு முன் அவரை நனையுங்கள். கிடைக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள், 108-ஐ அழையுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் பயணம். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓடும் முன் 'முன்னெச்சரிக்கையாக' வலிமாத்திரை போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெயிலில் உடம்பு வற்றியிருக்கும்போது டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகையறா சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.

காலையில் முடியாது, சாயங்காலம் ஓடுகிறோம் என்கிறவர்களுக்கு: மறுநாள் மே 5 மாலை கும்பஸில் திப்புவை அடக்கம் செய்த வேளையில் பெரும் இடிமழை. முகாமில் மின்னல் தாக்கி உயிர்ச்சேதமும் ஆயிற்று. கோடைமழை இன்றைக்கும் இங்கே அப்படித்தான் வரும். இடி கேட்டால் மதில்மேலோ தனிமரத்தடியிலோ நிற்காமல் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள்.

ஓடி முடித்ததும் எல்லோருக்கும் ஆற்றில் காலை விடவேண்டும். சங்கமத்தின் படித்துறையைப் பார்த்தால் எனக்கே ஆசை வரும். ஆனால் கொஞ்சம் மேற்கே ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தில் பாறைமேல் வெயில் காய்கின்றனவே முதலைகள், அவை இருப்பதும் இதே ஆற்றில்தான். அவற்றுக்கு வேலி கிடையாது. அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை முழு நீர்மட்டமான 124.8 அடியை நெருங்கும்போது மதகைத் திறப்பார்கள். உங்கள் தலைக்குமேல் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் குடகில் பெய்தது இங்கே வந்துசேரும். ஜூன் முதல் அக்டோபர் வரை ஓடப்போகும் முன்நாள் இரவு அணைச் செய்தியைப் பாருங்கள். பாறைகள் வேறு வழுக்கும். ஒரு வாளித் தண்ணீரும் குழாயடியும் காலுக்குப் போதும்.

மண்ணில் ஓட விரும்புகிறவர்களுக்குக் கால்வாய்க் கரைகள் இருக்கின்றன, முழங்காலுக்கு நல்லவை. ஆனால் மண்டியா மாவட்டம் கரும்புச் சீமை. இருட்டில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் வரும், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள், ஒளிரும் சட்டை போடுங்கள். நாய் துரத்தினால் நின்றுவிடுங்கள். கடித்தால் சோப்புப் போட்டுக் கால்மணிநேரம் கழுவி, அன்றே ஊசி.

கால் மடங்கிவிட்டால்? ஊரில் சுளுக்கு எடுக்கிறவரிடம் உடனே போய் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு வருகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதுதான் கூடவே கூடாது, வீக்கம் இரட்டிப்பாகும். க்ரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டு எலும்பின் பின்பக்கத்தைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். எலும்பு சரி என்று தெரிந்தால் முழு ஓய்வும் வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்குச் சீக்கிரமே நடக்க ஆரம்பியுங்கள். வீக்கம் வடிந்ததும் 'சரியாகிவிட்டது' என்று ஓடப் போகிறவர்கள்தான் இரண்டாம் தடவை வருகிறார்கள். லிகமெண்ட் ஆறுவதோடு, கால் எங்கே எப்படி இருக்கிறது என்று மூளை உணரும் திறனும் திரும்பவேண்டும். அதற்கு நான் கொடுக்கும் பயிற்சி எளிது: ஒற்றைக்காலில் நின்று பல் துலக்குவது. முதல் வாரம் கண்ணைத் திறந்து, அப்புறம் சுவர் பக்கத்தில் கண்ணை மூடி.

அந்த பெங்களூர்க்காரரும் இரண்டு மாதம் ஒற்றைக்காலில் பல் துலக்கினார். அப்புறம் மனைவி, மகளோடு கோட்டைக்கு மறுபடி போனாராம், செருப்புப் போட்டுக்கொண்டு, நடந்து. கடைசி அமர்வுக்கு வந்தபோது அவரே ஆரம்பித்தார்: "கல்லைப் படித்தேன் டாக்டர். உடல் இங்கே கிடைத்தது என்று ஒரே வரிதான். நின்று படிக்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை."